காலாளுக்கு இரண்டு கட்டம்

"வெட்டிராதட்டி! பக்கத்த வெட்டிட்டா நம்ம தலையில கட்டிருவான்."

படுத்த படுக்கையிலிருந்தே எலியேசரின் கை நீண்டு தடுத்தது. தேவமணி பேனாக்கத்தியைக் கீழே வைத்தாள்.

சென்னப்பட்டணத்திலிருந்து ரயிலில் வந்த இரண்டு சதுரங்கப் புத்தகங்கள் கட்டிலில் கிடந்தன. இரண்டும் இங்கிலீஷ். மடித்துத் தைத்த தாள்களின் ஓரம் இன்னும் வெட்டப்படவில்லை. வெட்டாத புத்தகமென்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பாளையங்கோட்டைப் புத்தகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். கடை அடைப்பதற்குள் இரண்டில் ஒன்று திரும்பிப் போயாக வேண்டும். அதனால் தேவமணி தாளின் மடிப்பைக் குழாய்போல வளைத்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்து, வாசித்ததைத் தமிழில் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முன்பக்கத்த வாசிக்காத. மேலடுக்குல எவனும் நல்ல கருப்பட்டியத்தான் வைப்பான். நடுவுல உடைச்சுப் பாரு."

கருப்பட்டி மண்டியில் உட்கார்ந்தே தலை நரைத்த மனிதர். விலை பேசி அவரிடம் ஜெயித்தவன் சேரன்மகாதேவி வரைக்கும் கிடையாது. ஆனால் பேட்டைத் தோல் வியாபாரி முகம்மது இப்ராஹிமிடம் சதுரங்கத்தில் ஒரு ஆட்டம்கூட அவர் ஜெயித்ததில்லை. சனிக்கிழமை தோற்பார்; ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து, தோற்ற ஆட்டத்தை மனசுக்குள் திரும்ப ஆடிப் பிரசங்கத்தைக் கோட்டை விடுவார். சாவதற்குள் இப்ராஹிமின் ராஜாவை ஒரே ஒரு தடவை கட்டிவிட வேண்டும். வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

காலையில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, மருந்து எதுவும் எழுதாமல் போயிருந்தார். அம்மா சாரம்மாள் அடுக்களையில் கஞ்சியைத் தேவைக்கு மேல் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புத்தகம் முடிவைப் பத்தினதுப்பா. காய் கொறஞ்ச பொறவு எப்பிடி ஆடணும்னு சொல்லுது. பெருசு, ஆட்டத்த எப்பிடித் தொடங்கணும்னு."

"முடிவு எனக்கெதுக்கு? அத அவன் கையால பாத்துப் பாத்து மனப்பாடமால்லா இருக்கு! நான் தொலையுதது தொடக்கத்துலதான். பெருச வாசி."

தேவமணி மடிப்புக்குள் கண்ணை வைத்தாள். வெள்ளைக் காலாள் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் போனது. கறுப்பும் இரண்டு கட்டம். அடுத்த மடிப்பைப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. நம்மூர் ஆட்டத்தில் காலாள் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும்; ராஜா மட்டும் ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். இது சீமைக்காரன் ஆட்டம். அந்தப் பெரிய புத்தகம் முழுக்க, பேட்டையில் செல்லாத அந்த ஒரு நகர்வின் மேல்தான் நின்றது.

"என்னட்டி, நின்னுட்ட?"

"காலாள் முன்னால போகுதுப்பா. பொறவு குதிர வருது."

"அடிச்சக்க! போயி மூஞ்சிக்கு நேரா நிக்கட்டும். திகைச்சிருவாம் பாரு!" எலியேசர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். விரல் போர்வையின் மேல் குதிரையை நகர்த்தியது. "இதத்தான் வச்சுக்கிடணும். சின்னதக் குடுத்தனுப்பு."

எடைக்கல்லில்கூட அப்பாவை யாரும் ஏமாற்றியதில்லை. இன்றைக்கு, பெற்ற மகளே கல் கலந்த சரக்கை அவர் தலையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து போனாள். இப்ராஹிம்தான். வண்டியில் வந்தும் மூச்சு வாங்கியது. நடையிலேயே நிறுத்திப் புத்தக விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பாகிட்ட இன்னும் சொல்லல மாமா. நீங்க இன்னைக்கு ஒரு ஆட்டம் தோத்துக் குடுத்துருங்களேன்."

"ஒங்கப்பனுக்குத் தெரியாதா தாயி? நான் தோத்துக் குடுத்தா அந்த நிமிசமே பலகையத் தூக்கி எம்மேல எறிவான்."

உள்ளே போனவர் கட்டிலில் உட்கார்ந்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"வே, ஒம்ம புத்தகம் செல்லாது. அதுல காலாள் ரெண்டு கட்டம் போகுதாம்."

எலியேசர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"நெசமாட்டி?"

"ஆமாப்பா."

அவர் பார்வை உத்தரத்துக்குப் போனது.

"அப்பம் சட்டத்த மாத்துவோம்," என்றார் எலியேசர்.

"ஒமக்காவ பாட்டன் பூட்டன் ஆடுன ஆட்டத்த மாத்தணுமாக்கும்? முடியாதுவே."

"சும்மாவா கேக்கேன்? ஒம்ம ராஜா ஒரு தடவ குதிர மாதிரி தாவுதாரே, அத ரெண்டு தடவயா வச்சுக்கிடும்."

"மூணு தடவ."

"கொள்ளக்காரன்வே நீரு! துண்டப் போடும்."

மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து. இவர்கள் இரண்டு பேரும் மாடு விற்றதே கிடையாது. ஆனாலும் மூக்குப்பொடி மட்டை வாங்குவதானால்கூடத் துண்டைப் போட்டுவிடுவார்கள்.

இப்ராஹிம் தோள் துண்டை உதறி இரண்டு கைகளின் மேலும் போட்டார். பேச்சு நின்றது. துண்டு மேடும் பள்ளமுமாக நெளிந்தது. இப்ராஹிம் தலையை ஆட்டி மறுத்தார். எலியேசரின் புருவம் ஏறியது. மறுபடி நெளிந்தது. இப்ராஹிம் 'ச்சூ' கொட்டினார். எலியேசரின் உதட்டோரம், மண்டியில் பேரம் முடியப் போகும்போது வருகிற அந்தச் சுளிப்பு வந்தது.

சுளிப்பு அப்படியே இருந்தது. தேவமணி அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு இப்ராஹிமைப் பார்த்தாள். அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாரம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, இருவரையும் பார்த்து நின்றாள்.

"இங்கனயும் வியாபாரமா? என்னண்ணே, படிஞ்சுதா?"

இப்ராஹிம் மற்றக் கையால் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"படிஞ்சிட்டு தங்கச்சி. ரெண்டு கட்டம். ஒரேயடியா நின்னுட்டாரு, மேல எறங்கல."

"பின்ன கைய எடுங்க. கஞ்சி ஆறுது."

அவர் துண்டை எடுக்கவில்லை. அதற்கு அடியில் ஒரு கை மட்டும், பைய, மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தது.