ஹால்வர்டைக் கரை சேர்த்தல்

எக்கார்ட் போன பிறகு வந்த முதல் வசந்தத்தில், ஸ்டெக்லிட்ஸ் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அந்த வீடியோ கேம் பெட்டி ரோஸ்விதாவின் கண்ணில் பட்டது. அட்டையில் பனி மூடிய ஒரு நிலவும் பாதி உடைந்த சுரங்க நிலையமும் இருந்தன. மேலே படத்தின் பெயர். கீழே, மஞ்சள் எழுத்தில், படத்தில் இறந்தவர்களை உங்களால் காப்பாற்ற முடியுமா என்று ஒரு கேள்வி.

படத்தில் இறந்தவர்களில் அவளுடைய கணவரும் ஒருவர். அதாவது, அவருடைய குரல்.

எக்கார்ட் பெர்லினில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டப்பிங் பேசியவர். அமெரிக்க நடிகர் ஒருவர் வாயசைக்கும்போதெல்லாம் ஜெர்மனியில் கேட்டது எக்கார்டின் குரல்தான். ரொட்டிக் கடையில் நின்று அவர் நாலு பன் கேட்டால் வரிசையில் முன்னால் இருப்பவர்கள் திரும்புவார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு, இவர் இல்லையே என்று குழம்பி மறுபடி முன்னால் பார்த்துக்கொள்வார்கள். எக்கார்டுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. இப்போது அந்த அமெரிக்கர் நன்றாகத்தான் இருக்கிறார்; புதுப் படங்களில் வருகிறார். வேறு யாரோ பேசுகிறார். ரோஸ்விதா ஒரு தடவை போய் உட்கார்ந்து பார்த்தாள். அவர் முதல் தடவை வாய் திறந்ததும் எழுந்து வந்துவிட்டாள்.

அந்த நிலவுப் படத்தில் எக்கார்ட் பேசியது ஹால்வர்ட் என்ற வயதான பம்ப் மெக்கானிக்குக்கு. பனிக்கடியிலிருந்து கடல் பொங்கி நிலையத்துக்குள் ஏறும்போது, மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று பம்ப் அறையில் தங்கி, மூச்சு முட்டிச் சாகிறவர். அந்தச் சாவின் குரலை ஒரு மதியம் முழுக்கப் பதிவு செய்தார்கள். எக்கார்ட் வீட்டுக்கு வந்து, செத்ததில் பசி பிராணனை வாங்குகிறது என்று சொல்லி, ஆப்பிள் கூழைத் தொட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு அடைகளை ஒரு தட்டு காலி செய்தார்.

அடுத்த ஆண்டு அதே படத்தை வீடியோ கேமாக ஆக்கியபோது மறுபடி அவரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவர் பசியோடு வரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் திரையில் ஒரு வாயைப் பார்த்துப் பேசிய மனிதர். இங்கே திரையும் கிடையாது, முகமும் கிடையாது. வசனங்களை அகர வரிசையில் அடுக்கி ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். யாரிடம் பேசுகிறார், எங்கே நிற்கிறார், நெருப்பா தண்ணீரா எதுவும் சொல்லவில்லை. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் ஒவ்வொன்றுக்கும் ‘சரி, அடுத்தது’ என்றானாம்.

"கண்ணைக் கட்டிட்டுப் பேச விட்டுட்டாங்க, ரோஸி. விதவிதமா முனகினேன். விதவிதமா செத்தேன். ஆனா எங்கேயோ ஒரு இடத்துல நான் பிழைச்சுக்கறேனாம்."

"எப்படியாம்?"

"கேட்டேன். அந்தப் பையனுக்கே தெரியல."

பிழைத்து என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அகர வரிசையில் பேசினால் எதுவும் மண்டையில் நிற்காது என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கோடையில் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. இலையுதிர்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. நுரையீரல். மருத்துவர் நல்ல மனிதர். ரோஸ்விதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். அவர் சொன்னதில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது கண்ணாடிக்குப் பின்னால், மஞ்சள் எழுத்தில், செய்வதற்கு ஒன்று இருந்தது.

கடைக்காரன் மூக்கில் வளையம் போட்டிருந்தான். பேரனுக்கா என்று கேட்டான். எனக்கு என்றாள். அவன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது. பம்ப் அறைக் கிழவரைப் பற்றி விசாரித்தாள்.

"அவரைக் காப்பாத்தறது வெட்டி வேலை, மேடம். விட்டுட்டு ஓடினாத்தான் பாயிண்ட் அதிகம். எல்லாரும் அப்படித்தான் முடிக்கறாங்க."

"ஆனா காப்பாத்த முடியும்."

"முடியும்ங்கறாங்க. நான் பார்த்ததில்ல. அப்புறம், ஜெர்மன்ல வெச்சு விளையாடாதீங்க. குரலெல்லாம் ஒரே சொதப்பல். இங்கிலீஷ்ல மாத்திக்கலாம், காட்டட்டுமா?"

"ஜெர்மன்லயே இருக்கட்டும்" என்றாள்.

முதல் சில வாரங்கள் அவமானம். கன்ட்ரோலரில் இரண்டு கட்டைவிரலுக்கும் தனித்தனி வேலை. ஒன்று நடக்க, ஒன்று பார்க்க. விளையாட்டில் அவள் நடத்த வேண்டிய ஆள், ஒரு விமானி, கூரையைப் பார்த்தபடியே நடந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். காலையில் தபால் வந்த பிறகு உட்காருவாள். மதிய ஓய்வு நேரம் தொடங்கும்போது, கீழ்வீட்டாருக்குத் தொல்லையாக இருக்கும் என்று அணைத்துவிடுவாள். ஓய்வு பெறும்வரை புத்தகக் கடையில் வேலை பார்த்தவள். ஒரு நாளைக்கு இவ்வளவு பக்கம் என்று தடிப் புத்தகங்களைத் தின்று தீர்த்த பழக்கம் இதற்கும் உதவியது.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வரும் மகள் வீப்கே கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தாள்.

"அம்மா, உன் ஆளு சுவரோட பேசிட்டிருக்கான்."

"பேசட்டும். நேத்து தரையோட பேசிட்டிருந்தான். முன்னேற்றம்தான்."

வீப்கே சிரித்தாள். ஆனால் கோடை வருவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் அதற்குள் ரோஸ்விதா பம்ப் அறை வரை வந்துவிட்டாள்.

அந்த அறையின் கதவைத் திறந்தால் முழங்கால் அளவு தண்ணீரில் ஹால்வர்ட் நிற்பார். கூப்பிட்டால் பின்னால் வருவார். திரையின் மூலையில் அவருடைய மூச்சுக்கு ஒரு சிறிய நீலக் கோடு உண்டு. தப்பிச் செல்ல வேண்டிய விண்படகு மேல்தளத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அவள் ஓடினாள், கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். அவர் வர வர அந்த நீலக் கோடு தேய்ந்தது. ஒரு தடவை ஏணிக்கடியில் விழுந்தார். ஒரு தடவை நடைபாதையின் நடுவில். விழும்போதெல்லாம் எக்கார்டின் குரல். விதவிதமாக முனகியது, விதவிதமாக மூச்சுக்குத் திணறியது. ‘என்னை விட்டுட்டுப் போ’ என்று மட்டும் மூன்று நான்கு வகை இருந்தது. அவர் விழுந்த பிறகும் விளையாட்டு தொடரும், படகுக்கு ஓடிவிடலாம். அவள் ஓடவில்லை. ஒவ்வொரு தடவையும் பம்ப் அறைக் கதவுக்கே திரும்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீப்கே அதைக் கேட்டுவிட்டாள். பிளம் பழக் கேக்கை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இதைத்தான் தினம் கேட்டுட்டிருக்கியா?"

"நடுவுல இதுவும் வருது."

"தினமும் காலைல உட்கார்ந்து அப்பாவைச் சாகடிச்சிட்டிருக்கே, அம்மா."

"தினமும் காலைல எழுப்பிட்டிருக்கேன்னு சொல்லேன்."

வீப்கே மேசைக்குத் திரும்பினாள். கேக்கை அறுத்தாள், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் தின்றார்கள். போகும்போது வாசலில் நின்று, தன் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், அந்த விளையாட்டுத் தட்டிலிருந்து குரல்களை மட்டும் பிரித்து எடுத்துத் தந்துவிடுவார், அப்பா பிழைத்துப் பேசும் அந்தக் கடைசி வசனம் எதுவென்று பார்த்துக் கேட்டுவிட்டு இதை மூட்டை கட்டிவிடலாம் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ரோஸ்விதா அவளுடைய கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். கடைசிப் பக்கத்தை நின்றபடி புரட்டுகிற வாடிக்கையாளரிடமிருந்தே புத்தகத்தைப் பிடுங்கியவள் நான் என்றாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் சொன்னாள்.

"எனக்குக் குரல் வேணும்னா பழைய படமெல்லாம் அலமாரி நிறைய இருக்கு. இவர் அங்கேர்ந்து நடந்து வெளில வரணும். அதான் எனக்கு வேணும்."

வழி கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, தொலைபேசியால். வீப்கேதான் கூப்பிட்டாள், பல் மருத்துவர் பெயர் கேட்டு. ஹால்வர்ட் இரண்டாவது நடைபாதையில் திணறிக்கொண்டு நிற்க, அவருக்குப் பக்கத்தில் விமானியை அப்படியே விட்டுவிட்டு ரோஸ்விதா எழுந்து போனாள். பேசி முடித்து வந்தால் இன்னொரு சாவைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. நீலக் கோடு பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே நாலு எட்டு நடந்தாள், கோடு இறங்கியது. அவர் அருகிலேயே நின்றாள், ஏறியது. தள்ளிப் போய் நின்று பார்த்தாள், ஏறவில்லை. பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். முன்னால் ஓடிக் கதவு திறந்து வைத்ததெல்லாம் அவருக்கு உதவவே இல்லை.

ரோஸ்விதாவுக்குத் தன் மேல் கோபம் வந்தது. இப்படி நடக்க அவளுக்குத் தெரியும். எக்கார்டின் கடைசிக் கோடையில் பேருந்து நிறுத்தம் வரை அவர்கள் இப்படித்தான் போனார்கள். மூச்சு வாங்குகிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தூண்டில் சாமான் விற்கிற கடை முன்னால் நின்று கண்ணாடிக்குள் உற்றுப் பார்ப்பார். வாழ்க்கையில் ஒரு மீன் பிடித்தவரில்லை. அவளும் பக்கத்தில் நின்று, அந்தச் சிவப்புத் தக்கை நன்றாக இருக்கிறது என்பாள்.

தெரிந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீர் காத்திருக்கவில்லை. நின்று நின்று நடந்தால் ஏணிக்குப் போவதற்குள் கழுத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே தூரத்தைக் குறைக்க வேண்டும். அடுத்த வாரங்களில் அவள் ஹால்வர்டைக் கூப்பிடாமல் தனியாகப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாள். குளிர்சாதனக் கிடங்குக்குள் விளக்கு கிடையாது. அதற்குள் நுழைந்தவுடன் இதுவரை அவளே பயந்து திரும்பியிருக்கிறாள். சுவரைத் தொட்டபடி இருட்டில் போனால் மறுபக்கம் மேல்தளத்துப் படிக்கட்டு இருந்தது. கட்டைவிரல் கணு வீங்கியது. மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு, மறுநாள் தபால் வந்ததும் உட்கார்ந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. வீப்கே சமையலறையில் கிரீம் அடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நடப்பதைக் கேட்காமலிருக்கக் கதவைச் சாத்திக்கொள்வது அவள் வழக்கம். அன்றைக்கு அடுப்புச் சூட்டுக்காகத் திறந்து வைத்திருந்தாள்.

ரோஸ்விதா ஹால்வர்டைக் கூப்பிட்டாள். நடந்தாள், நின்றாள். கோடு ஏறும்வரை காத்திருந்தாள். தண்ணீரைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கிடங்கு இருட்டில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் பின்னால் வந்தது. அது மெலிந்தால் நின்றாள். படிக்கட்டில் ஒரு படிக்கு ஒரு முறை நின்றாள். கடைசிப் படியில் கோடு ஒரு மயிரிழையாகி நிறம் மாறியது. கட்டைவிரலை எடுத்துவிட்டு, சும்மா நின்றாள். தண்ணீர் திரையின் அடிவிளிம்பில் தெரிந்தது. நின்றாள். கோடு மெல்ல நீலமானது.

படகின் கதவு மூடியது.

திரை தானாகவே ஓடத் தொடங்கியது. விமானி இருக்கையில் அமர்ந்தான். பக்கத்து இருக்கையில் ஹால்வர்ட், தாடியில் பனியோடு. வெளியே நிலையம் மொத்தமாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இசை ஏறி, நின்றது. உலகமே அழிகிற அந்த இடத்தில் கிழவர் திரும்பி, விமானியைப் பார்த்துப் பேசினார்.

"சரி, கிளம்பலாமா?"

சாவிலிருந்து தப்பியவன் குரல் இல்லை அது. கோட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்துவிட்டு, கூடத்திலிருந்து உள்ளே பார்த்துக் கேட்கிற குரல். கொஞ்சம் அவசரம், கொஞ்சம் கேலி. பார்த்துப் பேச எந்த முகமும் இல்லாதபோது, அந்தத் தாளில் இருந்த இரண்டு வார்த்தைகளை எக்கார்ட் தனக்குத் தெரிந்த முகங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன், சரி, அடுத்தது என்றிருப்பான்.

சமையலறையில் மிக்சர் நின்றது.

"இதோ வந்துட்டேன்ப்பா, ஷூ மாட்டிக்கறேன்" என்றாள் வீப்கே.



ரோஸ்விதா திரும்பிப் பார்த்தபோது மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் மிக்சரின் துடுப்பு. அதிலிருந்து கிரீம் தரைவிரிப்பில் சொட்டியது. இரண்டு பேருமே அதைத் துடைக்கப் போகவில்லை. திரையில் கறுப்பில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னொரு தடவை போடு" என்றாள் வீப்கே.

"போட முடியாது. கூட்டிட்டு வந்தாத்தான் பேசுவார்."

"எங்கேர்ந்து?"

"பம்ப் அறைலேர்ந்து."

வீப்கே கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ரோஸ்விதா நகர்ந்து இடம் விட்டு, கன்ட்ரோலரைக் கொடுத்தாள். நடக்கிறது எது என்று கேட்டாள் மகள். இடது கட்டைவிரல் என்றாள் தாய். கதவு திறந்தது, தண்ணீரில் அவர் நின்றிருந்தார். வீப்கே அவரைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட கையோடு விரலை முழுக்க அழுத்தினாள். விமானி நடைபாதையில் பாய்ந்து ஓடினான். பின்னால் அந்த மூச்சு திணறத் தொடங்கியது.

"ஓடாதே" என்றாள் ரோஸ்விதா. "திரும்பிப் போய் அவர் பக்கத்துல நில்லு."