இரண்டு டம்ளர் பால்

எனக்கும் என் மாமியாருக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்த அம்மா சமையலறைக்கு வந்தால் நான் கூடத்துக்குப் போய்விடுவேன். என் முகத்தில் விழிக்கக் கூடாதென்று காலையில் கதவிடுக்கில் பார்த்துவிட்டுத்தான் அவர் வெளியே வருவார்.

என் வீட்டுக்காரருக்கு வேலை ஒரு துணிக்கடையின் அடித்தளக் கிடங்கில். வெயிலே படாத உடம்பு. கை கால் வலி என்று ரத்தம் டெஸ்ட் செய்து பார்த்தபோது வைட்டமின் டி அதலபாதாளத்தில் இருந்தது. வாரத்துக்கு ஒரு பொட்டலம் மருந்துப் பொடியைப் பாலில் கலந்து குடிக்க வேண்டும், எட்டு வாரம் மட்டும் என்றார் டாக்டர்.

நான் கொடுத்தேன். எனக்குப் புருஷன் மேல் அக்கறையே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மாமியார், தனியாக வாங்கி வந்து தானும் கொடுத்தார். எனக்கு அது தெரியாது, அவருக்கும் நான் கொடுப்பது தெரியாது. பேசினால்தானே தெரியும்?

எட்டு வாரம் முடிந்தும் மனுஷனுக்குச் சோர்வு போகவில்லை. மருந்து போதவில்லை என்று நானே முடிவு கட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தேன். அந்த மகராசியும் அதே புத்திசாலித்தனத்தைச் செய்தது பிறகுதான் தெரிந்தது. ஐந்தாவது மாதம் வாந்தி, அடங்காத தாகம், மணிக்கொரு தரம் பாத்ரூம்.

சிறுநீரக டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்தார். "வைட்டமின் டி அளவுக்கு மேல போயிருக்கு. கால்சியம் எக்கச்சக்கமா ஏறி கிட்னி அடிவாங்கியிருக்கு. வீட்ல மருந்து குடுக்கறது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றார் மாமியார்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"என் புள்ளையக் கொல்லப் பாத்தியாடி?"

"நீங்க மட்டும் என்ன அமுதமா ஊட்டினீங்க?"

டாக்டர் மேசையைத் தட்டி எங்களை அடக்கிவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "ரெண்டு பேரும் குடுக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"ஒருத்தர்கிட்ட வேணாம்னு சொன்னா, அவ குடுத்தா மட்டும் குடிப்பியான்னு வீடே ரெண்டுபடும். அதுக்கு ரெண்டு டம்ளர் பாலையும் குடிச்சிடலாம்னு நெனச்சேன்."

எனக்கு அந்த மனுஷன் மேல் ஆத்திரமாக வந்தது. என் மேல் அதைவிட.

கிட்னி எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது, பழையபடி ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். வார்டில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். ஒருவர்தான் கூட இருக்கலாம், யார் இருக்கப் போகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். மாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நர்ஸிடம்தான் சொன்னார்.

"ரெண்டு பேரையும் அனுப்பிடுங்கம்மா. நான் பொழைக்கணும்."