அன்று எல்லோரும் வந்திருந்தார்கள்

நாற்காலிகள் போதவில்லை. நகராட்சிப் பொறியாளராக இருந்து, ஓய்வு பெறும் முன்பே மாரடைப்பில் போய்விட்ட ஒரு மனிதருக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று அவர் மனைவி எதிர்பார்க்கவில்லை. நினைவுக் கூட்டம் மாலை என்று சொல்லியிருந்தார்கள். மதியம் முடிவதற்குள்ளேயே அரங்கம் நிரம்பிவிட்டது. சாலை போடுகிறவர்கள், குழாய் பதிக்கிறவர்கள், தெரு பெருக்குகிறவர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று அவரிடம் வேலை பார்த்த அத்தனை பேரும் துவைத்த சட்டையோடு வந்து சுவரோரமாக நின்றார்கள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்த அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மனது நிறைந்தது. ஜன்னலுக்கு வெளியே வானம் அடுப்படிச் சுவர்போல் கறுத்திருந்தது.

ஊரில் அவருக்குச் ‘சாக்கடை சார்’ என்று பெயர். பாலமும் பேருந்து நிலையமும் கட்டியவர்தான். ஆனாலும் அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று மகள் அழுதுகொண்டு வந்தபோது அவர் சிரித்தார். “அது ஒழுங்கா ஓடுற வரைக்கும்தாம்மா அந்தப் பேரு. நின்னுச்சுன்னா வேற பேரு வைப்பாங்க. அதைக் காதால கேக்க முடியாது.”

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பொறியாளரின் உயிர் நண்பரான தையல்காரரின் மருமகள். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் பிரிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பொறியாளர் தையல் கடை முக்காலியில் உட்கார்ந்து, அறுந்த பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டு வம்பளப்பார். போன வருடம் தையல்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்போதும் பொறியாளர் போவது நிற்கவில்லை. கடைக்குப் பதில் கட்டிலோரம், அவ்வளவுதான்.

மாமா வந்தே தீருவேன் என்று அடம் பிடித்ததாக மருமகள் சொன்னாள். சமாதானப்படுத்திப் படுக்க வைத்துவிட்டு வந்தாளாம். போன வாரம் தானாக எழுந்து வாசல்வரை போய் விழுந்துவிட்டார். அதனால் வெளியே பூட்டு.

“சாவி என்கிட்டதான் இருக்கு அத்தை. கூட்டம் முடிஞ்சதும் ஓடிடுறேன்.” முந்தானை நுனியில் முடிந்திருந்ததைக் காட்டினாள்.

தையல்காரரின் தெரு கால்வாயைவிடத் தாழ்வானது, கிண்ணம் மாதிரி. மழைத் தண்ணீர் தானாக வெளியேறாது. ஒரு தொட்டியில் சேரும். பம்பு அதை மேலே தூக்கிக் கால்வாயில் தள்ள வேண்டும். அந்தத் தெருக்காரர்களை வேறு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மேலதிகாரிகள் சொன்னபோது, பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு அவர்களைக் கிளப்பக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று பம்பு அறையைக் கட்டியவர் அவர்தான். தானாக ஓடுகிற இயந்திரம் வேண்டாம், குப்பை அடைத்தால் அதற்குத் தெரியாது, மனிதன்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு ஆட்களை முறைவைத்துப் போட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகட்டில் விழுந்த சத்தத்தில் ஆணையரின் பேச்சு பாதிதான் கேட்டது. விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டன. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முகம் கழுவலாம் என்று அவள் எழுந்து பின்பக்கம் போனாள். கை கழுவும் தொட்டியின் ஓட்டையிலிருந்து களக் களக் என்று சத்தம் வந்தது. தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் கறுப்பாக மேலே வந்தது. ஒரு வாடையும் கூடவே வந்தது. இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு, எங்கோ சாக்கடை நின்றுவிட்டது என்று சொல்லும் அந்தச் சத்தம் புதிதல்ல. நடு ராத்திரியில்கூட அதைக் கேட்டால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்று கிளம்ப ஆள் இல்லையே என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தபோது இளநிலைப் பொறியாளர் பேசிக்கொண்டிருந்தார்.

“சாருக்கு வணக்கம் சொன்னா பதில் வணக்கம் வராது. ‘உன் இடத்துல யாருய்யா இருக்கா?’ன்னு கேப்பாரு. என் கல்யாணத்துல மாலையும் கழுத்துமா நிக்கிறேன், என்கிட்டயே கேட்டாரு. அன்னைக்கு என் இடத்துல வேற யாரு சார் நிக்க முடியும்?”

அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சுவரோரம் நின்ற பம்பு அறைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு நாலு ஆள் தள்ளி நின்று இன்னொருவரும் சிரித்தார். அவரும் பம்பு அறைக்காரர்தான். சிரித்துக்கொண்டே அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அவர்கள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்ததை அவள் பார்த்தாள். மைக்கில் அடுத்த பேச்சாளர் தொண்டையைச் செருமினார். அவள் எழுந்து நேராக அவர்களிடம் போனாள்.

“நீங்களும் இங்க, அவரும் இங்க. அங்க யாரு இருக்கா?”

முறை மாறும் நேரத்தில்தான் கூட்டம். மாலை ஆள் சீக்கிரம் வந்துவிடுவார் என்று பகல் ஆள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பியிருந்தார். தான் போகும்வரை பகல் ஆள் நகர மாட்டார் என்று மாலை ஆள் நேரே இங்கே வந்திருந்தார். ‘சாருக்காக ஒரு பூவாவது வைக்க வேண்டாமா’ என்ற ஒரே நினைப்புதான் இரண்டு பேருக்கும். சோம்பலோ கெட்ட எண்ணமோ இருந்திருந்தால் அதட்டலாம். அன்பை எப்படி அதட்டுவது?

மருமகள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். யாரும் அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாக முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்தது.

குப்பை லாரி ஒன்றுதான் வாசலுக்கு அருகில் நின்றது. ஓட்டுநரும் இரண்டு பம்புக்காரர்களும் இரண்டு பெண்களும் அதில் ஏறினார்கள். தெருமுனையில் லாரி நின்றபோது முன்னால் தெரு இல்லை. தட்டையாகப் பழுப்பு நீர்தான் கிடந்தது. ஒரு நாற்காலி மெல்லச் சுழன்றுகொண்டே மிதந்து வந்தது. மாடிகளில் ஆட்கள் நின்று கை காட்டினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மழையில் கேட்கவில்லை. பம்புக்காரர்கள் மேட்டிலிருந்த அறைப் பக்கம் ஓடினார்கள். மற்ற மூவரும் தண்ணீரில் இறங்கினார்கள். இடுப்பு, பிறகு நெஞ்சு. மருமகள் ‘மாமா’ என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் போனாள்.

தையல்காரர் வீட்டு ஜன்னலோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். கவிழ்த்த பழப்பெட்டிமேல் ஏறி, கம்பிக்குள் தோள்வரை கையை விட்டு, முகத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பழக்காரி. பம்பு அறை கட்ட இடம் எடுத்தபோது இடிந்தது அவள் கடை. பொறியாளர் வேறு இடம் வாங்கிக் கொடுத்தும் அவளுக்கு ஆறவில்லை. அவர் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெருவில் பாதிப்பேர் கூட்டத்துக்குப் போனபோது, போகக் காரணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்தவள். கடவுள் தமக்கு வேண்டிய ஆளை எங்கே நிறுத்தி வைப்பார் என்று நாம் சொல்ல முடியாது.

“சீக்கிரம் தொறங்க. கை மரத்துப்போச்சு,” என்றாள்.

உள்ளே கட்டில் முழுகியிருந்தது. தையல்காரரின் தலையை மட்டும் அவள் கை தண்ணீருக்கு மேலே ஏந்திக்கொண்டிருந்தது. பூட்டைக் கல்லால் உடைத்துப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தவர்களை, கூரை வழியாக உள்ளே இறங்க ஏணி தேடி அனுப்பியிருக்கிறாள். அதன்பின் கையை எடுக்கவே இல்லை.

தண்ணீருக்கடியில் தடவித் தடவி மருமகள் பூட்டைத் திறந்தாள். ஓட்டுநர் கதவைத் தோளால் தள்ளி உள்ளே போய்த் தையல்காரரைத் தூக்கித் தோளில் போட்டார். அவர் இருமினார். தண்ணீரைக் கக்கினார். கண் திறந்து மருமகளைப் பார்த்து, வாய் கோணி, குழறலாகச் சொன்னார். “கூட்டம் நல்லா நடந்துச்சா?”

அவர்கள் லாரியை நோக்கிப் போன பிறகும் பழக்காரி ஜன்னலை விட்டு வரவில்லை. கையை வெளியே எடுக்க முடியவில்லை. விறைத்திருந்தது. பொறியாளரின் மனைவி கம்பிக்குள் தன் கையையும் விட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மெதுவாக வெளியே கொண்டுவந்தாள். தன் ஈர முந்தானையால் சுற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.

“உங்க வீட்டுக்காரருக்காக நான் இதைச் செய்யல,” என்றாள் பழக்காரி.

“தெரியும்.”

“என் கோவம் இன்னும் போகல.”

“போக வேண்டாம். கையை நீட்டு.”

மேட்டுப் பக்கமிருந்து பம்பின் சத்தம் கேட்டது. இருமி, நின்றது. மறுபடி இருமி, பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. தண்ணீர் குறையவில்லை. வானம் முன்பைவிடக் கறுத்திருந்தது. கோடியிலிருந்த வீட்டில் யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டும் ஓசை கேட்டது.

பழக்காரி தலையைத் திருப்பிக் கவனித்தாள். பிறகு தண்ணீரில் மிதக்கப் பார்த்த பழப்பெட்டியை இடது கையால் இழுத்துப் பிடித்தாள்.

“வர்றீங்களா?” என்றாள்.

பொறியாளரின் மனைவி பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தாள்.