படி கழுவும் அட்டை

"இந்தக் கட்டடத்தை முன்பக்கம் பின்பக்கமா மாத்திக் கட்டிட்டாங்களாமே? அதைப் பாத்துட்டு, கட்டினவர் கோபுரத்துலேர்ந்து குதிச்சுட்டாராமே?"

கிளாஸ்கோ கலை அருங்காட்சியகத்தின் வாசலில் தினமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டே தீருவார். பத்தொன்பது வருடமாகச் சுற்றுலாக் கூட்டம் மேய்க்கிறேன். "சுத்தப் பொய்ங்க, யாரும் குதிக்கல" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அது யார் குரல் என்று உறைத்தது. கூட்டத்தின் கடைசியில், நனைந்த தொப்பியோடு, என் தம்பி ஃபெர்கஸ். ஒன்பது வருடத்துக்கு முன் கனடா போனவன், அம்மாவின் அடக்கத்துக்குக்கூட வராதவன். இந்தப் பொய்யை எங்களுக்குச் சொல்லி வளர்த்ததே அப்பாதான்.

வீட்டுக் கதவைத் தட்டத் துப்பில்லை, சுற்றுலாவுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான்!

போன மாதம்தான் அவனுக்கு எழுதியிருந்தேன். அப்பாவுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை, எப்போதோ வேலையை விட்ட கப்பல் பட்டறைக்கு விடியும் முன்பே எழுந்து கிளம்புகிறார், நான் ஒழுங்காகத் தூங்கி ஒரு வருடம் ஆகிறது, ஒரு மாதமாவது வந்து நீ பார்த்துக்கொள், இல்லாவிட்டால் நான் விழுந்துவிடுவேன் என்று. பதில் வரவில்லை. பகலில் மாடிவீட்டு ஜீன் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் எழுபது வயது.

உள்ளே ஒவ்வொரு ஓவியமாக நின்று சொன்னேன். முழங்கால் விண்விண்ணென்றது. வாய் தன் பாட்டுக்குப் பேசியது. மற்றவர்கள் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தபோது அவன் பக்கத்தில் வந்தான்.

"எல்ஸ்பெத் அக்கா..."

"எப்ப வந்தே?"

"நேத்து. லாட்ஜுல இருக்கேன். வியாழக்கிழமை திரும்பணும்."

"மூணு நாளா? எதுக்குடா வந்தே, படம் பாக்கவா?"

அவன் தொப்பியைப் பிசைந்தான். "அப்பா என்னைப் பாத்து யாருன்னு கேட்டுட்டா? பயமா இருந்துச்சுக்கா."

"என்னை தினமும்தான் கேக்கறார். நான் செத்தா போயிட்டேன்?"

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டு மழையில் இறங்கினேன். கரி படிந்த சிவப்புக் கல் கட்டடங்களை நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். நான் நிமிரவில்லை.

கடைசி இடம், நூறு வருடத்துக்கு முன் இருந்தபடியே வைத்திருக்கும் பழைய அடுக்குமாடி வீடு. மாடிப்படி நெடுகப் பச்சை ஓடு பதித்த சுவர். நாங்கள் வளர்ந்த வீடும் அச்சு அசல் இப்படித்தான். எதையும் தொடக்கூடாது என்று வழக்கம்போல் எச்சரித்துவிட்டு, கதவுக் கைப்பிடியில் கயிற்றில் தொங்கிய அட்டையைக் காட்டினேன். 'படி கழுவுவது இந்த வாரம் உங்கள் முறை.'

"கழுவி முடிச்சவங்க இதைப் பக்கத்து வீட்டுக் கதவுல மாட்டிடுவாங்க. மாட்டினா மாட்டினதுதான். காய்ச்சல், கல்யாணம், எந்தச் சாக்கும் செல்லாது."

"பொம்பளைங்க மட்டும்தான் கழுவுவாங்களா?" லீட்ஸிலிருந்து வந்திருந்த அம்மாள் கேட்டாள்.

"எங்க வீட்டுல ஒரு ஆம்பளைப் பிள்ளை இருந்தான். அட்டையைக் கண்டா பந்தைத் தூக்கிட்டு ஓடிடுவான். வாளி என் தலையில விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்கஸ் சிரிக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அதைக் கழற்றித் தன் கோட்டுப் பொத்தானில் மாட்டிக்கொண்டான். கயிறு இரண்டு முறை நழுவியது.

"ஐயோ, தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றாள் அந்த அம்மாள்.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

"அவன் முறைங்க" என்றேன். "விடுங்க."

"வீட்டுச் சாவி குடுக்கா" என்றான் ஃபெர்கஸ். வியாழக்கிழமையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பாவுக்கு நாலு மணிக்கு டீ. சர்க்கரை ரெண்டு. யாருன்னு கேட்டா பேரைச் சொல்லு. மறுபடி கேட்டா மறுபடி சொல்லு."

தலையாட்டிவிட்டு இறங்கினான். மார்பில் அட்டை ஆடியது. கழுவித் துடைத்த படிகளில் அவனுடைய ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. ஏழு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, நான் அந்தப் படியில் உட்கார்ந்தேன்.