அட்டவணையில் இல்லாத இடது கால்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். இரண்டே சொற்கள். அதற்குப் பிறகு என் நாட்குறிப்பில் தேதியைத் தவிர வேறெதுவும் எழுத வரவில்லை.

நான் போகும் கதை எழுதும் மாலை வகுப்பில், "உங்கள் வீட்டில் எடுத்த ஒரு முடிவைப் பற்றி எழுதுங்கள்" என்றார்கள். பக்கத்து மேசைக்காரர் தன் தங்கையின் கல்யாணத்தை எழுதுகிறார். நான் வண்டி வாங்கியதை எழுதுகிறேன்.

இப்போது மணி ஆறு நாற்பது. வகுப்பறை முதல் மாடியில் இருக்கிறது. ஏழரைக்கு அப்பாவும் அம்மாவும் என்னை அழைத்துப்போக வருகிறார்கள். புது வண்டி. நேற்றுதான் பின்னால் கொக்கி பொருத்தினார்கள். இன்று முதல் முறையாக டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருகிறது. அதற்குள் இதற்கு ஒரு முடிவு எழுதிவிட வேண்டும்.

2

தொடக்கங்கள்:

"அப்பா ஒரு வெல்டர். அவர் பற்றவைத்த கேட்டுகள் இந்த ஊரின்"
[விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் செத்துப்போனவரைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது.]

"டிரெய்லர் இழுக்க, குடும்பமும் உட்கார, ஒரு கியர் வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில் நீங்கள் இழுக்கப்போகும் எடையை"
[இது விளம்பரம்.]

"என் அப்பாவின் இடது பாதத்துக்கு"
[இதை முடிக்க முடியவில்லை. ஆனால் சரியான தொடக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.]

3

சரி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை எனக்கு வரும்.

எங்கள் பழைய வண்டி எஞ்சின் வெடித்து நின்றுபோனது. அப்பாவின் பட்டறை என்பது ஒரு டிரெய்லர்தான். ஜெனரேட்டர், வெல்டிங் மெஷின், இரண்டு சிலிண்டர், ஒரு கட்டு இரும்புக் குழாய். கேட் உடைந்த வீட்டுக்கு அவரே போவார். ஆகவே வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி, அதுவும் கியர் வண்டி, வேண்டும் என்றார். தேடும் பொறுப்பை என்னிடம் விட்டார். வீட்டில் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத ஆள் நான்தான். அதனால் அப்பா எனக்கு வைத்த பெயர் டேப்பு.

ஏழு வண்டிகள், பதினான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை போட்டேன். எவ்வளவு எடை இழுக்கலாம். கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரம். முதல் கியரில் ஏற்றம் ஏறுமா. டிரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதை, குளியலறையில் வைத்திருக்கும் எடை மெஷினை அதன் அடியில் வைத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு கிலோ. "உன் எடைதான்டி" என்றார் அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் இருக்கையின் உயரத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தேன்.

அம்மாவின் முட்டிக்குக் கட்டம் இருந்தது. அப்பாவின் இடது காலுக்கு இல்லை.*

* இந்தக் கதையின் முதல் வரைவில் இந்த வரி நான்காம் பக்கத்தில் வந்தது. ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையில், "இதை ஏன் இவ்வளவு நேரம் ஒளித்து வைத்தீர்கள்?" என்று எழுதியிருந்தார். நான் ஒளிக்கவில்லை. எனக்கே நான்காம் பக்கத்தில்தான் ஞாபகம் வந்தது. [இதுவும் பொய்யோ?]

4

அந்தக் கால்.

அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. கடந்த வருடம், பற்றவைக்கும்போது தெறித்த இரும்புத் துளி ஒன்று அவர் ஷூவுக்குள் போயிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. காலுறையைத் துவைக்கும்போது அம்மா ஓர் ஓட்டையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தார். அதே இடத்தில் காலிலும் ஓட்டை.

"என்னங்க, இது வலிக்கலியா?"

"எது?"

இவ்வளவுதான் பேசினார்கள். அம்மா மருந்து போட்டார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. அதன் பிறகு இடது கால் என்ற சொல்லை யாரும் வீட்டில் சொல்லவில்லை. "அந்தக் கால்" என்பார்கள்.

5

ஷோரூமில் நடந்ததைக் கொஞ்சம் சிரிப்பாக எழுதலாம். உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருந்தது.

கடைசியில் மிஞ்சியது ஒரு சாம்பல் நிற வண்டி. அதில் இரண்டு வகை. கியர் வைத்தது ஆயிரத்து இருநூறு கிலோ இழுக்கும். ஆட்டோமேட்டிக் ஆயிரம் இழுக்கும். எங்கள் டிரெய்லர் முழுச் சுமையோடு எண்ணூற்று அறுபது. அதாவது இரண்டுமே போதும். இதை நான் அறிந்திருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு எடை மெஷினைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கிளட்ச் பெடலுக்கும் என் பாதத்துக்கும் நடுவில் வைத்து மிதித்துப் பார்த்தேன். விற்பனையாளர் குனிந்து பார்த்தார்.

"மேடம், வண்டிய எடை போடவா வந்திருக்கீங்க?"

"உன்னை ஏறி நிக்கச் சொல்லலேன்னு சந்தோஷப்படு தம்பி" என்றார் அப்பா.

கிளட்ச்சை முழுக்க அழுத்திப் பிடிக்கப் பதின்மூன்று கிலோ வேண்டும் என்று மெஷின் காட்டியது. எழுதிக்கொண்டேன்.

"சார், இதுலயே ஆட்டோமேட்டிக் இருக்கு. ரெண்டே பெடல். டிராஃபிக்ல கால் நோகாது."

"எனக்குக் கால் நோகுதுன்னு நான் சொன்னேனா?"

"இல்ல சார், பொதுவா சொன்னேன்."

"பொதுவாப் பேசாதப்பா. லோடு இழுக்குற வண்டிக்கு கியர் என் கையில இருக்கணும். ஆட்டோமேட்டிக் தானா யோசிக்கும். எனக்காக யோசிக்க வீட்ல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க."

"நாங்க யோசிச்சு என்ன, நீங்க கேட்டுடவா போறீங்க?" என்றார் அம்மா. எல்லாரும் சிரித்தோம்.

கால் நோகாது என்று அவர் சொன்னது சரிதான். அப்பாவின் கால் நோவதே இல்லை.

6

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. [இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் நல்லவளாகிக்கொண்டே வந்தேன். இது ஆறாவது. திருத்தப்போவதில்லை.]

பேச்சை எடுத்தது அம்மா. "என்னங்க, அந்தக் காலை வெச்சுக்கிட்டு மூணு பெடல் வண்டி எதுக்குங்க?"

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சந்தேகமா? டேப்பு, உன் மெஷினக் கொண்டா" என்றார்.

எடை மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதன் எதிரே நாற்காலி. வண்டியில் இருக்கைக்கும் பெடலுக்கும் இருந்த அதே தூரத்தை டேப் பிடித்து வைத்தேன். அப்பா உட்கார்ந்து இடது காலால் ஒரு மிதி மிதித்தார். இருபத்தொரு கிலோ.

"பாத்தியா?" என்றார் அம்மாவைப் பார்த்து.

"சரி, இனிமே நான் வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு முறை அளந்தது அளவே இல்லை என்பது என் பழக்கம். "ஒரு நிமிஷம் அப்படியே புடிங்கப்பா. சிக்னல்ல நிக்கிற மாதிரி" என்றேன்.

மறுபடி மிதித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பத்தாவது நொடி: பத்தொன்பது கிலோ.
பதினைந்து: பதினாறு.
இருபத்தொன்று: பன்னிரண்டு. கிளட்ச்சுக்கு வேண்டியது பதின்மூன்று.
முப்பது: எட்டு.

அப்பாவின் முகத்தில் மாற்றமே இல்லை. தாடை இறுகியிருந்தது. முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருப்பதாகவே அவர் நம்பினார். கால் மட்டும் அவருக்குச் சொல்லாமல் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"அப்படியே இருக்கா?" என்று கேட்டார். ஏணியின் மேல் நின்றுகொண்டு, கீழே குழாயைப் பிடித்திருக்கும் என்னிடம் "நேரா இருக்கா?" என்று கேட்பாரே, அதே குரல்.

"அப்படியே இருக்கு" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார்.

7

இந்த இடத்தில் கதாபாத்திரங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது.

முதல் சந்தேகம் அப்பா மேல். கண்ணை உண்மையிலேயே மூடியிருந்தாரா? இமைகளுக்கு நடுவே ஒரு கோடு வெள்ளை தெரிந்ததாக இப்போது தோன்றுகிறது. முள்ளைப் பார்த்திருந்தால், அவர் கேட்டது கேள்வியே அல்ல. மகள் சொல்லிவிடுவாளா என்று காத்திருந்தார். சொல்லியிருந்தால் விட்டிருப்பார். [இப்படி எழுதினால் பாதிப் பழி அவர்மேல் போகிறது. வசதியாக இருக்கிறது. அதனாலேயே நம்ப மாட்டேன்.]

இரண்டாம் சந்தேகம் இந்தக் கதையைச் சொல்பவள் மேல். அவள் ஏன் பொய் சொன்னாள்? பாசம் என்று வகுப்பில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட அட்டவணை. பதினான்கு கட்டத்தில் பன்னிரண்டில் கியர் வண்டி முதலிடம். பதினைந்தாவதாக ஒரு கட்டம் போட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும். முள் இறங்கியபோது எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, எரிச்சல். என் அட்டவணையை இந்தக் கால் கெடுக்கிறதே என்று.

அடுத்த வாரம் வண்டி வாங்கினோம்.

8

ஹேண்ட்பிரேக் போட்டுக்கொண்டு நின்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் நேற்று சொன்னேன். "சிக்னல்ல நியூட்ரல் போட்டுட்டுக் காலை எடுத்துடுங்கப்பா."

"ஏத்தத்துல லோடோட நிக்கும்போது கியர்லயேதான் நிக்கணும் டேப்பு. பச்சை விழுந்ததும் கிளம்பலேன்னா டிரெய்லர் பின்னாடி இழுத்துடும். இதெல்லாம் உன் அட்டவணைல வராது."

வகுப்பறைச் சன்னலுக்குக் கீழே ஓர் ஏற்றம். அதன் உச்சியில் சிக்னல். சிவப்பு எழுபத்தைந்து நொடி எரியும். நான்கு வகுப்பு நாட்களில் அளந்தேன். எதிரே பேருந்து நிறுத்தம். சிவப்பு விழுந்ததும் இறங்கியவர்கள் சாலையைக் கடப்பார்கள். கிளட்ச் தானாக மேலே வந்தால் வண்டி முன்னால் துள்ளும். இல்லையென்றால் எஞ்சின் அணைந்து, எண்ணூற்று அறுபது கிலோவும் வண்டியைப் பின்னால் இழுக்கும்.

முடிவுகள்:

(அ) இன்று வண்டியில் ஏறியதும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓரம் கட்டுகிறார். சாவியை அம்மாவிடம் கொடுக்கிறார். நாளையிலிருந்து டிரெய்லர் வாசலிலேயே நிற்கிறது. அவர் அதன்மேல் உட்கார்ந்து "பரவால்லம்மா" என்கிறார். [அவர் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டதே இல்லை. டேப்பு என்ற பெயர் போய்விட்டால்தான் அப்படிக் கூப்பிடுவார். இதற்குமேல் எழுத முடியவில்லை.]

(ஆ) சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு
[இல்லை.]

(இ) ஒன்றுமே நடக்காது. பத்து வருடம் ஒன்றுமே நடக்காது. தினமும் அவர் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். வகுப்பில் இதைத்தான் நல்ல முடிவு என்றார்கள்.

9

ஏழு பத்துக்கு அப்பாவை அழைத்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார். அந்த விஷயத்தில் மிகவும் கவனமானவர். அம்மாவை அழைத்தேன். "வந்துட்டே இருக்கோம்டி. சீட்டு என் முட்டிக்கு அவ்ளோ வசதியா இருக்கு, பாத்துப் பாத்து வாங்கியிருக்க" என்றார். "அப்பாகிட்ட குடும்மா" என்றேன். "ஓட்டுறாரு, நேர்ல பேசிக்கோ" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடமே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். வந்தது, "பாத்து வாங்க" என்பதுதான்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வகுப்பில் படித்த வரைவுகளில் அந்த எண்களை எழுதவில்லை. முள் எங்கே போனது என்பதை இதுவரை ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருக்கிறேன். அது நீங்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை ஒழுங்காக எண் போட்டு, அடைப்புக்குறி போட்டு உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களால் பிரேக்கை மிதிக்க முடியாது.

ஏழு இருபத்தெட்டு. சாம்பல் வண்டி ஏற்றத்தில் வருகிறது. பின்னால் டிரெய்லர், குழாய் நுனியில் அப்பா கட்டிய சிவப்புத் துணி. சிக்னல் மஞ்சளாகிறது. அப்பா விதியை மீறாதவர். நிற்கிறார். முன்வரிசையில், கோட்டுக்குச் சரியாகப் பின்னால்.

பேருந்திலிருந்து இறங்கியவர்கள் கடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கிருந்து படி இறங்கி அந்த மூலைக்குப் போக எனக்கு நாற்பது நொடி. அதையும் ஒரு நாள் அளந்திருக்கிறேன். இருபத்தொன்றாவது நொடிக்கும் நாற்பதாவது நொடிக்கும் நடுவில் என்ன செய்வதென்று எந்த வரைவிலும் எழுதவில்லை.

ஆனாலும் பேனாவை வைக்கிறேன். இதுவரை ஆறு நொடி. ஏழிலிருந்து நீங்கள் எண்ணுங்கள்.