வேப்பிலை கட்டிய வீடு

தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டியவள் ஞானப்பூதான். மலாயாவில் சிடாம் கிரிப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் அவள் கையில் விழுந்தவை. கிறிஸ்தவச்சி, வேப்பிலை கட்டியது அன்றுதான் முதல் தடவை.

உள்ளே அதே தோட்டத்து அம்மாசி படுத்திருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்து ஏற்றிய லாரியிலிருந்து குதித்து, கால் பிசகி, தவழ்ந்து வந்திருந்தான். அவனுக்கு அம்மை வார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டால் ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று ஞானப்பூ கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். லயத்துப் பெண்களுக்கு உண்மை தெரியும், வாய் திறக்கவில்லை. தெரியாதவர் கங்காணி முருகையா ஒருவர்தான்.

அவர் காலையிலேயே வந்துவிட்டார். செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வேதக்காரம்மா வீட்டையும் தேடிக்கிட்டு ஆத்தா வந்துட்டாளா? நல்லாத்தான் இருக்குலா!"

"நோய்க்கு என்னண்ணே வேதம்?" என்றாள் ஞானப்பூ உள்ளிருந்தே.

"அது சரி. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? உள்ள இருந்து பாக்குறவங்க மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. நீங்க தாண்டினா உள்ள ஆத்தா இல்லைன்னு அர்த்தம். அப்புறம் நானே வந்து பாத்துக்குவேன்."

ஜப்பான்காரன் கேட்ட ஆள் கணக்கில் ஒரு தலை குறைந்தால் தன் மகனை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. எதிரே ரப்பர் மரத்தடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஞானப்பூ முறையைப் பற்றி யோசித்திருக்கவில்லை. மற்றவர்களை வெளியே நிறுத்த அவள் கட்டிய இலை இப்போது அவளை உள்ளே நிறுத்திவிட்டது.

வெயில் ஏறியபோது பின்பக்கச் சன்னலில் லயத்துச் செல்லாயியின் முகம் தெரிந்தது.

"அக்கா, மருதம்மாளுக்கு வலி கண்டுருச்சு. பனிக்குடம் உடைஞ்சும் நேரமாச்சு. புள்ள கால் வருதுக்கா. எங்களுக்கு என்ன தெரியும்?"

ஞானப்பூ எழுந்தாள். அம்மாசியைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். சன்னல் கம்பிக்குள் ஒரு பூனைகூட நுழையாது. இருக்கிற கதவு ஒன்று, அதற்கு எதிரே கங்காணி.

"நீங்க போங்க அக்கா. என்னையப் புடிச்சிட்டுப் போகட்டும்" என்றான் அம்மாசி.

"சும்மா கெட. ரெண்டு உசுரைக் காப்பாத்த ஒரு உசுரை நான் விக்கிறதா?"

செல்லாயி ஓடிப்போய்ப் பரஞ்சோதி வாத்தியாரை அழைத்து வந்தாள். ஞானப்பூவின் கணவர். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்பவர், ஞாயிறு ஜெபம் நடத்துபவர். பிள்ளைகள் பொய் சொன்னால் அடிக்கமாட்டார், அன்று முழுக்க அவர்களோடு பேசமாட்டார். அதுவே அவர்களுக்குப் பெரிய தண்டனை.

"நான் கங்காணிகிட்ட பேசுறேன்" என்றார் சன்னல் வழியாக.

"என்னன்னு பேசுவீங்க? பொய் சொல்லுவீங்களா?"

"அது எப்படி?"

"அப்ப பேசாதீங்க. ஜெபம் பண்ணுங்க, போங்க."

அவர் அசையவில்லை. அடுத்த வரிசையிலிருந்து மருதம்மாளின் அலறல் கேட்டது. பரஞ்சோதி வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் நடந்தார்.

கங்காணி எழுந்து நின்றார். "வாத்தியாரே, நீங்க பொய் பேசி நான் கேட்டதில்ல. நீங்களே சொல்லுங்க. உள்ள இருக்கிறது ஆத்தாதானா?"

பரஞ்சோதி வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தார்.

"ஆத்தாதான்."

அந்தச் சொல் அவர் வாயில் அதுவரை வந்ததேயில்லை. கங்காணியின் தோள் தளர்ந்தது.

"என் சம்சாரத்துக்குச் சின்ன வயசிலேயே அம்மை வார்த்திருக்கு, மறுபடி ஒட்டாது" என்றார் வாத்தியார், வேகமாக. அதுவும் பொய். "மஞ்சத் தண்ணியில குளிச்சிட்டு பிரசவத்துக்குப் போகட்டும். அவளுக்குப் பதிலா நான் உள்ள இருக்கேன். உங்க முறையும் கெடாது."

கங்காணி தாடையைத் தடவினார். "நீங்க சொன்னா சரி வாத்தியாரே."

வாசலில் இருவரும் ஒருவரையொருவர் கடந்தார்கள். ஈரத் தலையோடு வந்த ஞானப்பூ கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவள் ஓடினாள்.

உள்ளே இருட்டு, மஞ்சள் வாடை. அம்மாசி கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம்பா" என்று சொல்லிவிட்டுப் பரஞ்சோதி தரையில் உட்கார்ந்தார். ஜெபிக்கக் கண்களை மூடினார். முதல் வார்த்தையே வரவில்லை. திறந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து ஒரு சிசுவின் அழுகை, மெலிசாக, பிறகு கோபமாகக் கேட்டது. அம்மாசி சிரித்தான். பரஞ்சோதிக்கும் உதடு விரிந்தது. அந்த இரண்டு பொய்களோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்.

"பொம்பளப் புள்ளையாம் வாத்தியாரே!" மரத்தடியிலிருந்து கங்காணியின் குரல். "தாயும் நல்லாருக்காளாம்."

"நல்லது."

"நான் இங்கயேதான் இருப்பேன். ஜப்பான் தொரை வந்து கேட்டா விவரம் சொல்லணும்ல? ஆத்தா எங்கெங்க முத்துப் போட்டிருக்கா?"

பரஞ்சோதி அம்மாசியின் வழவழப்பான முகத்தைப் பார்த்தார். அம்மாசி தன் கன்னத்தை மெல்லத் தொட்டுக்கொண்டான்.

"முகத்துல நெறைய" என்றார் வாத்தியார். பிறகு, கேட்காமலேயே, "முதுகுலயும் எறங்குது" என்றார்.