நிமிடத்துக்கு எத்தனை காசு

அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் முன்னறையிலேயே உட்கார்ந்து, அதற்குப் பொருந்துகிற பல்வரிசையைச் செய்து கொடுப்பார். ஒரு மயிரிழை கூடினாலும் வாய் மூடாத தொழில். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சோப்புத்தூள் டப்பாவில்கூடக் கோடு போட்டு வைத்திருந்தார். தெருவில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்றே பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மனைவிக்கு பேக்கரியில் கேக்குகளின் மேல் க்ரீமால் பூப்போடுகிற வேலை. அவளுடைய அக்கா கடல் தாண்டி இருந்தாள். நேரில் பார்த்துப் பதினோரு வருடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோனில் பேசிக்கொள்வதோடு சரி.

ஒரு மாதம் டெலிபோன் பில்லைப் பார்த்தவர் மனைவியைக் கூப்பிட்டார்.

“திரைச்சீலை துவைச்சதைப் பத்தி இருபத்திரண்டு நிமிஷம் பேசியிருக்கே.”

“துவைச்சதைப் பத்தி எட்டு நிமிஷம்தான். மீதி அது காயாததைப் பத்தி.”

இதற்கு மேல் பேச்சில் பயனில்லை என்று அவருக்குப் புரிந்தது. மூன்று கம்பெனிகளின் துண்டுப்பிரசுரங்களை வாங்கிவந்து, பல்லில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கம்பெனி நிமிடத்துக்கு ஏழு காசு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடியில் எறும்பு அளவு எழுத்தில், ஒவ்வொரு முறை இணைப்புக் கிடைப்பதற்கும் நாற்பது காசு. இரண்டாவதில் அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் ஹலோ சொல்லிவிட்டு வைத்தாலும் மூன்று நிமிடத்துக்கான காசு. மூன்றாவது ஒரு கார்டு. பேசினாலும் பேசாவிட்டாலும் தினமும் பராமரிப்பு என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள்.

“எதைப் பராமரிக்கிறான்? கார்டு என் சட்டைப்பையிலதானே இருக்கு?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அச்சிட்டதை நம்ப முடியாது, பேசிப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று முடிவு செய்தார். சனிக்கிழமை மனைவி வேலைக்குப் போனதும் மூன்று கம்பெனிக்கும் ஒவ்வொரு சோதனைக் கார்டு வாங்கி, பல் அச்சுக்கான மாவு இறுகும் நேரம் பார்க்கிற ஸ்டாப்வாட்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெளிநாட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் மனைவியின் அக்காதான்.

“அக்கா, நான்தான்.”

“தம்பியா! என்ன திடீர்னு? எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?”

“ம். அங்க மழையா?”

“இல்லையே. ஏன் தம்பி? அவ எங்க?”

“அவ வந்து...” கடிகாரத்தில் ஒரு நிமிடம் முடிந்தது. வைத்துவிட்டார்.

அடுத்தது ஒரு நிமிடம் ஒரு விநாடி. அந்த ஒரு விநாடிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பேசுவதற்குத்தான் விஷயம் இல்லை. பெரிதாக மூச்சுவிட்டுக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எதையோ மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுறீங்க. அவகிட்ட ஃபோனைக் குடுங்க.”

“அவ இங்க இல்லைக்கா” என்றார். முள் வந்துவிட்டது. வைத்துவிட்டார்.

இப்படி ஆறு முறை. ஆறாவது முறை அக்கா அழ ஆரம்பித்திருந்தாள். அவர் நோட்டில் ‘மூன்றாவது கம்பெனி: சத்தம் தெளிவில்லை’ என்று குறித்துக்கொண்டார்.

கணக்கில் ஒரு சின்ன இடறல் இருந்தது. அதைக் கேட்க முதல் கம்பெனிக்கு ஃபோன் செய்தார். ஐம்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, இந்தத் திட்டமெல்லாம் பழசு, இன்றுதான் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, நிமிடத்துக்கு மூன்றே காசு என்றாள். சொக்கிப் போனார். உடனே மாற்றிக்கொண்டார். இணைப்பு மாறுவதற்கு இரண்டு நாள் ஆகும், அதுவரை ஃபோன் வேலை செய்யாது என்றார்கள்.

ஞாயிறு மதியம் மனைவி ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க, இது செத்துக் கிடக்கு.”

“நாளைக்கு வந்துடும். நிமிஷத்துக்கு நாலு காசு மிச்சம்.”

“மில்லிமீட்டர்!” என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கள் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். அக்கா ஒரு சின்னப் பையோடு நின்றிருந்தாள். குளிர்கோட்டின் உள்பக்கம் வெளியே தெரிய மாற்றிப் போட்டிருந்தாள். தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

“அடியே, நீ இருக்கியா!”

“இருக்கேன்க்கா. இல்லாம எங்க போவேன்?”

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “உன் வீட்டுக்காரர் ஆறு தடவை கூப்பிட்டாருடி. ஒவ்வொரு தடவையும் என்னமோ சொல்ல வந்து, சொல்ல முடியாம வெச்சுட்டாரு. நீ இங்க இல்லைன்னாரு. திரும்பக் கூப்பிட்டா ஃபோன் பிஸி. அப்புறம் இந்த நம்பரே உபயோகத்துல இல்லைன்னு ஒருத்தி சொல்றா. நான் என்னன்னு நினைப்பேன்?”

இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் யாருடைய கீழ்வரிசைப் பற்களோ இருந்தன. மெதுவாக வைத்துவிட்டு, நோட்டை எடுத்துவந்து காட்டினார்.

“ரெண்டாவது கம்பெனிதான்க்கா ஏமாத்துறான்.”

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, செருப்பு வைக்கிற பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவசரத்துக்கு எடுத்த விமான டிக்கெட் எவ்வளவு என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆறு அழைப்பும் சேர்த்து ஆறு நிமிடம் மூன்று விநாடி. நிமிடத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க அவருக்கே தைரியம் வரவில்லை.

அக்கா பன்னிரண்டு நாள் இருந்தாள். அக்காவும் தங்கையும் சமையலறையில் பேசினார்கள், கட்டிலில் பேசினார்கள், ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தால் மற்றவள் கதவுக்கு வெளியே நின்று பேசினாள். மனைவி இப்படி வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. முன்னறையில் பற்களைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. டிக்கெட்டில் பாதியைத் தருவதாக ஒருநாள் சொல்லிப் பார்த்தார். “போங்க தம்பி” என்ற அக்கா, வாயைத் திறந்து உள்ளே விரலை நீட்டினாள். கடைவாயில் இரண்டு பல் இல்லை. அவர் இரவு பகலாக உட்கார்ந்து செய்து கொடுத்தார். அக்கா அதை மாட்டிக்கொண்டு ஒரு முழு ஆப்பிளைக் கடித்துத் தின்று காட்டினாள்.

விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டுத் திரும்புகையில், பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தாள். வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்னங்க” என்றாள்.

“ம்.”

“வடக்க இருக்கிற எங்கண்ணனைப் பாத்து ஒம்பது வருஷம் ஆகுது.”

“ஆமா.”

“அவருக்கும் ஒரு நிமிஷம் ஃபோன் பண்ணிட்டு வெச்சிடுங்களேன்.”

அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“அவரு பயந்த சுபாவம். அரை நிமிஷம் போதும்” என்றார்.